‘நண்பருக்குச் சொல்வீர்களா?’: 0 முதல் 10 வரை மார்க் கேட்கும் அந்த மெசேஜ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில், வாடிக்கையாளர்கள் சொல்வதைத் திரட்டி அலசும் குழுவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். என் வேலை இதுதான் என்று தெரிந்த நாளிலிருந்து, அல்சூரில் எங்கள் குடியிருப்பு லிப்டில் பார்ப்பவர்கள், ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பசங்க, ஊரிலிருந்து வந்த மாமனார் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

சர்வீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வர்றதுக்குள்ள ‘0லேர்ந்து 10 வரைக்கும் எவ்வளவு’ன்னு மெசேஜ் வந்துடுதே, அது என்ன?

‘எங்களை உங்கள் நண்பருக்கோ உடன் வேலை செய்பவருக்கோ பரிந்துரைப்பீர்களா?’ என்பதுதான் அங்கே கேள்வி. 0 என்றால் சொல்லவே மாட்டேன், 10 என்றால் கட்டாயம் சொல்வேன். இதற்கு நெட் புரமோட்டர் ஸ்கோர் என்று பெயர், ஆபீசில் சுருக்கமாக என்.பி.எஸ்.

9, 10 போட்டவர்கள் புரமோட்டர்கள், நம்மைப் பற்றி நாலு பேரிடம் நல்லபடியாகச் சொல்வார்கள் என்று கணக்கு. 7, 8 போட்டவர்கள் பேசிவ்கள், கணக்கில் வரமாட்டார்கள். 0 முதல் 6 வரை போட்டவர்கள் எல்லோரும் டிட்ராக்டர்கள், அதாவது குறை சொல்லித் திரிபவர்கள். புரமோட்டர் சதவீதத்திலிருந்து டிட்ராக்டர் சதவீதத்தைக் கழித்தால் வருவதுதான் ஸ்கோர். அதனால் அது மைனஸ் 100க்கும் பிளஸ் 100க்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும்.

நான் 8 போட்டேன். நல்ல மார்க்தானே? அந்தப் பையன் முகம் ஏன் வாடிப்போச்சு?

நமக்கு நல்ல மார்க், அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. நாம் பள்ளிக்கூடத்தில் கற்ற கணக்கு வேறு. 35 எடுத்தால் பாஸ், 60 எடுத்தால் முதல் வகுப்பு. தமிழய்யா கட்டுரைக்குப் பத்துக்கு எட்டு போட்டால் அந்த நோட்டை வீடு முழுக்கக் காட்டியவர்கள் நாம். ‘பத்துக்குப் பத்து கடவுளுக்குத்தான்’ என்று சொன்ன வாத்தியார் எல்லாருக்கும் ஒருவராவது இருந்திருப்பார்.

அந்தப் பழக்கத்தில் மனசார 6 போட்டீர்கள் என்று வையுங்கள். முதல் வகுப்பு கொடுத்ததாக நீங்கள் நினைப்பீர்கள். அங்கே உங்கள் பெயர் குறை சொல்பவர் பட்டியலில் ஏறிவிடும். மாமனார் இதைக் கேட்டுவிட்டு, “அப்போ நான் பத்து வருஷமா எல்லாரையும் திட்டிட்டே இருந்திருக்கேனா?” என்றார்.

எதுக்கு இந்தக் கூட்டல் கழித்தல்? சராசரி போட்டா போதாதா?

சராசரி நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், இரண்டு ஓரத்தையும் காட்டாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இவர்கள் முறையும் வேறு விதத்தில் மறைக்கிறது. பத்துப் பேர் இருக்கும் ஒரு கடையில் எல்லோரும் 8 போட்டால் ஸ்கோர் 0. பக்கத்துக் கடையில் ஐந்து பேர் 10, ஐந்து பேர் 0 போட்டாலும் ஸ்கோர் அதே 0. முதல் கடை நிம்மதியாக ஓடும் மெஸ், இரண்டாவது கடையில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. ஸ்கோருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. எல்லோரும் 0 போட்டால் மைனஸ் 100. நீங்கள் ஒரு வருடம் ராப்பகலாக உழைத்து எல்லோரையும் 6 போட வைத்தாலும் மைனஸ் 100தான்.

இதை யார் கண்டுபிடிச்சது? எல்லா கம்பெனியும் ஏன் இதையே பிடிச்சுக்கிட்டு தொங்குது?

பெயின் அண்ட் கம்பெனி என்ற ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரெட் ரைக்ஹெல்ட், 2003 டிசம்பரில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து இது பரவியது. ஒரு கம்பெனி வளர இந்த ஒரு எண்ணைப் பார்த்தால் போதும் என்பது சாரம். நாற்பது கேள்வி கொண்ட படிவத்தை யாரும் நிரப்பாத காலத்தில், மேலதிகாரிகளுக்கு இது தேனாக இனித்தது. ஒரே எண், ஒரே ஸ்லைடு.

அவருக்குத் தூண்டுதலாக இருந்தது எண்டர்பிரைஸ் என்ற அமெரிக்க வாடகைக் கார் நிறுவனம். அங்கே இரண்டே கேள்விதான் கேட்டார்கள்: வண்டி எடுத்த அனுபவம் எப்படி, மறுபடி எங்களிடம் எடுப்பீர்களா? உச்ச மதிப்பெண் கொடுத்தவர்களை மட்டும் எண்ணி, கிளைகளை வரிசைப்படுத்தினார்கள். கவனியுங்கள், நண்பருக்குச் சொல்வது பற்றி அங்கே பேச்சே இல்லை. அந்தக் கேள்வி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த ஸ்கோர் ஏறினா கம்பெனி வளரும்னு சொல்றாங்களே, நிரூபிச்சிருக்காங்களா?

முதல் கட்டுரையில் ஸ்கோரையும் வளர்ச்சியையும் ஒப்பிட்டுப் படம் போட்டிருந்தார்கள். ஆனால் எடுத்துக்கொண்ட வளர்ச்சி 1999 முதல் 2002 வரையிலானது, மதிப்பெண் திரட்டத் தொடங்கியதோ 2001இல். மழை பெய்து முடிந்த பிறகு குடையை எண்ணிவிட்டு, குடை மழையை முன்கூட்டிச் சொன்னது என்பது போல.

2007இல் கெய்னிங்ஹாம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நார்வே நாட்டு வாடிக்கையாளர் தரவுகளை வைத்து இதைச் சோதித்து, ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் எழுதினார்கள். மற்ற திருப்திக் கணக்குகளைவிட இது வளர்ச்சியை மேலாகக் கணிக்கிறது என்பதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. மோசமானது என்றும் அவர்கள் சொல்லவில்லை. ‘இது ஒன்று போதும்’ என்ற பேச்சுதான் நிற்கவில்லை.

நான் 9 போட்டேன். ஆனா இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டகூட சொன்னதில்ல. பொய் சொன்னேனா?

இல்லை. உங்களிடம் வருங்காலத்தைக் கேட்டார்கள், நீங்கள் மரியாதையாகப் பதில் சொன்னீர்கள். ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’ என்றால் ‘கண்டிப்பா வர்றோம்’ என்கிறோமே, அந்த ரகம்.

நிஜமான சிபாரிசு எப்படி நடக்கிறது என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பார்க்கிறேன். மூன்றாம் மாடி மாமி, “தண்ணி பில்டர் ரிப்பேர் பாக்க யாராவது இருக்காங்களா?” என்று போடுவார். ஐந்து நிமிஷம் பதில் வராது. எல்லோருக்கும் ஆள் தெரியும், ஆனால் நாளைக்கு அவன் சொதப்பினால் லிப்டில் மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசியில் யாரோ ஒருவர், “எங்க வீட்டுக்கு ஒருத்தர் வருவார், வேலை சுத்தம், ஆனா சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்” என்று ஒரு ‘ஆனா’வோடு நம்பர் கொடுப்பார். நம்மிடையே ஒருவரைச் சொல்லிவிடுவது என்றால் நம் பெயரையும் கூடவே ஜாமீன் வைப்பது. 9 என்று தட்டுவதில் அந்த ஜாமீன் இல்லை. அதனால்தான் அந்த எண் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது.

எனக்கு ரொம்பத் திருப்தி, ஆனா வெளியில சொல்ல மாட்டேன். அப்போ நான் எவ்வளவு போடணும்?

கேள்வியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் 0. இடுப்பு பெல்ட், மூல வியாதிக் களிம்பு, முதியோர் டயப்பர் எல்லாம் இந்த வகை. பொருள் அருமையாக இருக்கும், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து யாரும் அதைப் புகழ மாட்டார்கள். சம்பளக் கணக்கு மென்பொருளும் இப்படித்தான். ஆபீஸ் எதை வாங்கிப் போட்டதோ அதைத்தான் நீங்கள் பயன்படுத்தியாக வேண்டும், உங்கள் சிபாரிசை யாரும் கேட்கப்போவதில்லை. பெஸ்காம் மின்சாரத்தை இன்னொரு பெங்களூருக்காரருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வீட்டுக்கு வரும் கம்பி ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், ரைக்ஹெல்டே தன் முதல் கட்டுரையில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலதிகாரிகள் தேர்ந்தெடுக்கும் கணினி அமைப்புகளுக்கும், போட்டியே இல்லாத உள்ளூர்த் தொலைபேசி மாதிரியான சேவைகளுக்கும் இந்தக் கேள்வி சரிவராது என்று எழுதியிருக்கிறார். அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டுத்தான் பாதி உலகம் இதை வாங்கிக்கொண்டது.

“10 போடுங்க, இல்லன்னா என் இன்சென்டிவ் போயிடும்”னு கெஞ்சறாங்க. என்ன செய்யறது?

அடிக்கடி வருகிற கேள்வி இதுதான். என் கதையையே சொல்கிறேன். போன வருடம் ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட்டேன். பிரேக் பிடித்தால் கிரீச் என்று சத்தம் வருகிறது என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் எடுக்கப் போனபோது கவுண்டரில் லேமினேட் செய்த ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். 0 முதல் 6 வரை சிவப்பு, 7, 8 மஞ்சள், 9, 10 பச்சை. பில்லைக் கொடுத்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். சேலம் பக்கத்துப் பேச்சு. “மேடம், நாளைக்கு ஒரு கால் வரும். பத்துன்னு சொல்லிடுங்க. எட்டுன்னு சொன்னா எனக்கு சைபர் மாதிரிதான்” என்று பச்சைக் கட்டத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினான். வண்டியை எடுத்தேன், முதல் சிக்னலில் பிரேக் கிரீச். மறுநாள் கால் வந்தது. பத்து என்றேன்.

யோசித்துப் பாருங்கள். நான் அந்தப் பையனுக்கு மார்க் போட்டேன். அது கம்பெனியின் கணக்கில் ஏறியது. மேலே உட்கார்ந்திருப்பவர் பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார். பிரேக்கைப் பற்றி யாருக்கும் தெரியாது. 1975இல் சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் பணக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது சொன்னது இங்கேயும் பொருந்தும்: ஒரு கணக்கைக் கடிவாளமாகப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால், அந்தக் கணக்கு பழைய மாதிரி உண்மை பேசாது. கூலியை ஸ்கோரில் கட்டினால் ஸ்கோர் வந்துவிடும், பிரேக் அப்படியேதான் இருக்கும்.

உங்களுக்கு என் பதில்: ஆள் நன்றாக வேலை செய்திருந்து, குறை கம்பெனியுடையது என்றால் தயங்காமல் 10 போடுங்கள், குறையைக் கீழே உள்ள பெட்டியில் எழுதுங்கள். அந்த முறையில் அநியாயத்தை முதலில் செய்தது நீங்கள் இல்லை. ஆனால் ஆளே சரியில்லை, கெஞ்சல் மட்டும் பலம் என்றால் மனசில் பட்டதைப் போடுங்கள்.

எங்க ஸ்டார்ட்அப்ல போன மாசம் 32, இந்த மாசம் 42. கேக் வெட்டினோம். சரிதானே அக்கா?

கேக் நன்றாக இருந்தது, நன்றி. கணக்கைப் பார்ப்போம். உங்களுக்கு மாதம் 60 பேர் பதில் சொல்கிறார்கள். போன மாதம் புரமோட்டர் 31, டிட்ராக்டர் 12. மிச்சம் 19, அறுபதில் அது 32 சதவீதம். இந்த மாதம் 34, 9. மிச்சம் 25, அதாவது 42. மூன்றே மூன்று பேர் அந்தக் கட்சியிலிருந்து இந்தக் கட்சிக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு சில்க் போர்டில் டிராபிக் குறைவாக இருந்தால்கூட மூன்று பேர் மனசு மாறும்.

60 பதில் வைத்துக்கொண்டு 32 என்று சொன்னால், உண்மை 12க்கும் 52க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பத்துப் புள்ளி ஏற்றம் நிஜம்தானா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு மாதமும் 500 பதிலாவது வேண்டும். கழித்தல் கணக்கில் இரண்டு பக்கத்து ஆட்டமும் சேர்ந்துகொள்வதால் இந்த எண் சாதாரண சதவீதத்தைவிட அதிகமாகவே ஆடும்.

எங்க மேனேஜர் இந்திய ஸ்கோரையும் வெளிநாட்டுக் கிளை ஸ்கோரையும் ஒரே சார்ட்ல போட்டு எங்களைத் திட்டறார். நியாயமா?

இல்லை. இரண்டாவது கேள்விக்குச் சொன்ன மார்க் பழக்கம் ஊருக்கு ஊர் மாறும். ஒரு கிளையின் இந்த வருட ஸ்கோரை அதே கிளையின் போன வருட ஸ்கோரோடு ஒப்பிடுங்கள், அதுவும் முந்தைய பதிலில் சொன்ன அளவுக்குப் பதில்கள் இருந்தால்.

தமிழ்ல மொழிபெயர்த்து அனுப்பலாம்னு இருக்கோம். வார்த்தை எப்படிப் போடறது?

‘எங்கள் நிறுவனத்தை நண்பர் அல்லது சக ஊழியருக்குப் பரிந்துரைக்க எவ்வளவு சாத்தியக்கூறு உள்ளது?’ என்று ஒன்றைப் போன வாரம் பார்த்தேன். இதைப் படித்துப் புரிந்துகொள்பவர் ஏற்கெனவே ஆங்கிலத்தில் படித்துப் பதில் போட்டிருப்பார். ‘தெரிஞ்சவங்க யாராவது கேட்டா எங்க பேரைச் சொல்வீங்களா?’ என்று கேளுங்கள். ‘சிபாரிசு’ என்ற சொல்லை வைக்காதீர்கள், அதில் வேலை வாங்கித் தரும் வாசனை அடிக்கிறது.

அப்புறம் ‘பரவாயில்லை’ என்ற சொல்லுக்குத் தயாராக இருங்கள். போனில் கேட்டால் சிவாஜிநகரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை தமிழர்கள் முதலில் சொல்வது அதைத்தான். ‘நினைத்ததைவிட நன்றாகவே இருக்கிறது’ என்பதும் பரவாயில்லைதான், ‘ஏதோ ஓடுகிறது’ என்பதும் பரவாயில்லைதான். குரலை இழுக்கும் விதத்தில்தான் வித்தியாசம். கன்னடத்துப் ‘பரவாகில்லா’வும் இதே ரகம். கால் சென்டரில் இருப்பவர் இதை 5 என்று குறிப்பாரா 8 என்று குறிப்பாரா என்பது அவர் வளர்ந்த வீட்டைப் பொறுத்தது.

பதிலே சொல்லாதவங்க கணக்கு என்ன ஆகும்?

காணாமல் போகும். ரொம்பக் கோபம் வந்தவர்களும் ரொம்பப் பிடித்தவர்களும் பதில் போடுவார்கள், நடுவில் இருக்கும் பெருங்கூட்டம் மெசேஜைத் தள்ளிவிட்டுப் போகும். கணக்கை மூடிவிட்டுப் போனவருக்கு மெசேஜே போகாது. எந்த ஸ்கோரைக் காட்டினாலும் ‘எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள்’ என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். அறை அமைதியாகிவிடும்.

கேக்கறதே ஒரு விளம்பரமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

கூர்மையான சந்தேகம். 1993இல் மோர்விட்ஸ், ஜான்சன், ஷ்மிட்லைன் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வில், ‘கார் வாங்கும் எண்ணம் உண்டா, கணினி வாங்கும் எண்ணம் உண்டா’ என்று கேட்கப்பட்ட வீடுகளில் வாங்குவது கூடியது. எண்ணத்தைக் கேட்டாலே எண்ணம் கொஞ்சம் கெட்டிப்படுகிறது. ஆனால் எல்லாக் கம்பெனியும் அவ்வளவு தந்திரமாக யோசிக்கிறது என்று நான் நினைக்கவில்லை. பக்கத்துக் கம்பெனி கேட்கிறது, அதனால் இவர்களும் கேட்கிறார்கள்.

சரி, இது வேண்டாம்னா வேற என்னதான் கேக்கறது?

நடந்ததைக் கேளுங்கள். ‘கடந்த மூன்று மாதத்தில் எங்களைப் பற்றி யாரிடமாவது பேசினீர்களா? என்ன சொன்னீர்கள்?’ என்று கேட்டால், இல்லை என்பவர்கள் கூச்சப்படாமல் இல்லை என்பார்கள். புதிதாக வருபவரிடம் ‘எங்களைப் பற்றி யார் சொன்னார்கள்?’ என்று கேளுங்கள். மல்லேஸ்வரத்தில் காபித்தூள் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்பது இதைத்தான். யார் சொல்லி வந்தார்கள் என்று அவருக்குத் தெரியும், ஸ்கோர் தெரியாது.

ரைக்ஹெல்டும் கடைசியில் இந்தப் பக்கம்தான் வந்தார். ஸ்கோரைக் கெஞ்சியும் மிரட்டியும் வாங்குகிறார்கள் என்று நொந்துகொண்டு, 2021இல் வேறொரு கணக்கை முன்வைத்தார். பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வந்து வாங்குவதாலும், அவர்கள் சொல்லிப் புதியவர்கள் வருவதாலும் எவ்வளவு வருமானம் என்று கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுப்பது. எண்ணத்தை விட்டுவிட்டு ரசீதைப் பார்ப்பது. ஒரு சின்ன வேலை சுலபமாக முடிந்ததா என்று தெரிய வேண்டுமென்றால், ‘எவ்வளவு அலைய வேண்டியிருந்தது?’ என்று கேட்பதே போதும்.

எனக்கு நிஜமாவே ஒரு புகார் இருக்கு. 0 போட்டா தீருமா?

தீராது. 0 புள்ளிவிவரமாகப் போய்ச் சேரும், புகாருக்கு நம்பர் வேண்டும். கம்பெனியின் புகார்ப் பிரிவில் எழுதி நம்பர் வாங்குங்கள். சரிவரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வங்கி என்றால், எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

மெசேஜ்ல வர்ற லிங்கைத் தொடலாமா?

மார்க் கேட்பவர் ஓடிபி கேட்க மாட்டார், கார்டு நம்பர் கேட்க மாட்டார், ‘சர்வே முடித்தால் பரிசு’ என்று ஆப் இறக்கச் சொல்ல மாட்டார். கேட்டால் மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள்.

நீங்களே இந்த வேலைதான் பாக்கறீங்க. உங்களுக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?

எண்ணைக் கட்டைவிரல் எங்கே விழுகிறதோ அங்கே தட்டிவிட்டு, கீழே ‘ஏன்?’ என்று ஒரு பெட்டி இருக்குமே, அதில் எழுதுவேன். எங்கள் ஆபீசிலும் உருப்படியாக ஏதாவது மாறியிருந்தால் அது அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. எண் சுவரில் தொங்கும் திரைக்குப் போகும், பெட்டியில் எழுதியதை யாராவது ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

சில மாதம் முன்னால் இட்லி அரிசி வாங்கியதற்கு மார்க் கேட்டார்கள். 7 போட்டு, ‘பையைப் பிரித்தால் ஜிப்போடு சேர்ந்து கிழிகிறது, அரிசி தரையில்’ என்று எழுதினேன். மூன்றாம் நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். மன்னிப்பு, கூப்பன் எதுவும் இல்லை. “மேடம், எந்தப் பக்கம் கிழிஞ்சுது?” என்றாள். பழைய பையை, பிளாஸ்டிக் எடுத்துப் போகிறவருக்காகக் கட்டி வைத்திருந்த மூட்டையிலிருந்து உருவிப் பார்த்துச் சொன்னேன், இடது பக்கம். “எல்லாரும் இடதுன்னுதான் சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.